ஐந்து நிமிடப் பெரிய வெள்ளி

கேசான் நகரம்,
8 பிப்ரவரி 2027

அன்புத் தம்பி நோனோய்க்கு,

இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீயும் பாபாங்கும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் விட்டுவிட்டது. டிசம்பர் புயல் சாய்த்த செல்போன் கோபுரத்தை நிமிர்த்த யாராவது வந்தார்களா? வரும்வரை நமக்குப் படகுத் தபால்தான்.

செய்தி இதுதான்: மின்மினி மேலே போய்விட்டது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத எங்கள் செயற்கைக்கோள் நன்றாகச் சுற்றுகிறது. அதன் கண் கடலின் சூட்டைப் பார்க்கும். ஆனால் அது பார்த்தது சரியா என்று தெரிய, தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். அந்த வேலைக்குத்தான் இத்துடன் வரும் சாம்பல் நிறப் பெட்டி. வீட்டுக் கூரையில் கம்பம் நட்டு மாட்டு. நீண்ட வயரை, நாம் கடற்பாசி வளர்க்கும் கயிறுகளுக்கு நடுவே கடலில் இறக்கிவிடு.

பெட்டி பகல் முழுவதும் வெயிலில் சார்ஜ் ஏறும். மாலையில் ஒரே ஒரு முறை, மின்மினி தலைக்கு மேல் போகும் ஐந்து நிமிடம் மட்டும், விழிக்கும். அட்டவணை வைத்திருக்கிறேன், பெரும்பாலும் ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில். பெட்டி கொஞ்சம் மரியாதைக்காரன். மின்மினி கூப்பிடுவது காதில் விழுந்தால்தான் வாயைத் திறக்கும். செய்தி போய்விட்டால் பச்சை விளக்கு. சூடான நீர் வருகிறது என்று நாங்கள் திருப்பிச் சொன்னால் சிவப்பு விளக்கு. சிவப்பைப் பார்த்தால் மூன்று நாளுக்குள் கயிறுகளை ஆழத்தில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். போன வருடம் போலப் பாசி வெளுத்து உதிராது.

ஜூன் 30-இல் எங்கள் திட்டக் குழு கூடுகிறது. அதற்குள் நம் தீவிலிருந்து தொடர்ந்து முப்பது நாள் செய்தி வந்தால் இன்னும் பன்னிரண்டு தீவுகளுக்குப் பெட்டி போகும். வராவிட்டால், கோபுரம் உள்ள ஊர்களில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் தலைமைப் பொறியாளர் பஸ்குவால். கோபுரம் உள்ள ஊருக்கு இது எதற்கு, சொல்!

கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்த சிவப்பு மைக் பாபாங்குக்குப் பிடித்திருக்கிறதா? அப்பாவுக்குச் சிவப்பு என்றால் உயிராயிற்றே.

அன்புடன்,
உன் மானாங் லிகாயா

*

லம்புயான் தீவு,
21 பிப்ரவரி 2027

அன்புள்ள மானாங்,

இங்கே எல்லோரும் சுகம். கோபுரம் இன்னும் படுத்தேதான் இருக்கிறது; மேயரின் ஆள் ஒருவர் வந்து அதனுடன் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பெட்டியைக் கூரையில் மாட்டிவிட்டோம். தீவே வந்து வேடிக்கை பார்த்தது. "இவ்ளோ சின்னப் பெட்டியா வானத்தோட பேசும்? எங்க வீட்டுக்காரர் இதைவிடப் பெருசு, பக்கத்து வீட்டுக்குக்கூட ஒரு வார்த்தை பேச மாட்டார்" என்றார் பக்கத்து வீட்டு ஆலிங் சோலெங்.

மைக்கைப் பற்றிக் கேட்டாய். எங்கிருந்து தொடங்க? மமாங் இறந்த பிறகு மூன்று வருடம் பாபாங் பாடவில்லை என்பது உனக்கே தெரியும்; அம்மா இல்லாத வீட்டில் பாட்டு எதற்கு என்பார். கரோக்கி பெட்டியின் மேல் துணி போர்த்தி, அதன்மேல் பூந்தொட்டி வைத்திருந்தார். இப்போது தொட்டி வெளியே போய்விட்டது. வயர் இல்லாத மைக் என்பதால் பாடிக்கொண்டே வாசலுக்குப் போகிறார், கரைவரை போகிறார், பாசி உலர்த்தும் பெண்களுக்கு நடுவே நின்று உச்ச ஸ்தாயி பிடிக்கிறார். மாலை ஐந்துக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டுக்குத்தான் நிறுத்துவார். நேற்று கரோக்கி பெட்டி அவர் பாட்டுக்கு நூற்றுக்கு 94 மதிப்பெண் போட்டது. "மெஷினுக்குக் காது மந்தம்டா. நூறு வர்ற வரைக்கும் விடமாட்டேன்" என்கிறார்.

நேற்று அட்டவணைப்படி ஐந்து நாற்பத்திரண்டுக்கு எல்லோரும் கூரையைப் பார்த்து நின்றோம். பச்சை எரியவில்லை. முதல் நாள் வெட்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

உன் கடிதங்களைப் படகிலிருந்து பாபாங்தான் வாங்கிவருகிறார். அந்த நடை காலுக்கு நல்லதாம்.

உன் தம்பி,
நோனோய்

*

கேசான் நகரம்,
5 மார்ச் 2027

அன்புள்ள நோனோய்,

பாபாங் பாடுகிறார் என்ற வரியை மறுபடி மறுபடி படித்தேன். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

ஆனால் செய்தி ஒன்றுகூட வரவில்லை. மின்மினி தினமும் உங்களைக் கூப்பிடுகிறது, பதில் இல்லை. ஆன்டெனா நேராக நிற்கிறதா? உப்புக் காற்றில் முனை துருப்பிடித்ததா? கம்பத்தை இன்னும் இரண்டு ஆள் உயரம் தூக்கிப் பார்.

பஸ்குவால் இன்று சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன லிகாயா, உங்க தீவு நம்ம மின்மினியோட டூ விட்டுடுச்சா?" சிரித்து வைத்தேன். வேர்க்கடலைக் குழம்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மானாங்

*

லம்புயான்,
18 மார்ச் 2027

அன்புள்ள மானாங்,

நலம். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

முனையைத் தேய்த்தேன். கம்பத்தைத் தென்னை உயரத்துக்குத் தூக்கினேன். இப்போது தூரத்துப் படகுகள் நம் வீட்டைக் கலங்கரை விளக்கம் என்று நினைக்கின்றன. பலன் இல்லை. ஆலிங் சோலெங் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "புதுப் படகுன்னா மந்திரிக்கிறோம், புது வீடுன்னா மந்திரிக்கிறோம். அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒண்ணும் செய்யல. கோபம் வராதா?" ஞாயிற்றுக்கிழமை வந்த பாதிரியாரை ஏணியில் ஏற்றித் தீர்த்தம் தெளிக்க வைத்தார். இறங்கும்போது அவர் அங்கி ஆன்டெனாவில் மாட்டிக் கிழிந்ததுதான் மிச்சம்.

ஒரு கெட்ட செய்தி. பாபாங்கின் சிநேகிதர் மாங் இஸ்கோவின் கயிறுகளில் பாசி நுனி வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. மே மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். இப்போது தேதியைப் பற்றிப் பேசுவதில்லை. நம் கயிறுகள் இன்னும் பரவாயில்லை.

பாபாங் 96.

நோனோய்

*

கேசான் நகரம்,
31 மார்ச் 2027

என் தங்கத் தம்பிக்கு,

உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகள்! உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் பிறகு கேட்கிறேன். வந்துவிட்டது! மார்ச் 25, 26, 27, மூன்று நாளும் செய்தி வந்தது. நீரின் சூடு, நேரம், எல்லாம் பிசிறில்லாமல். நான் கத்திய கத்தில் காவலாளி ஓடிவந்தார்.

ஆனால் 28-இலிருந்து மறுபடி மௌனம். செய்தி வந்தது வியாழன், பெரிய வெள்ளி, சனி மட்டும். அந்த மூன்று நாள் என்ன செய்தாய்? என்ன செய்யவில்லை? பெட்டியைத் தொட்டாயா? ஒன்றுவிடாமல் எழுது. அற்பமாகத் தோன்றினாலும் எழுது.

உன் மானாங்

*

லம்புயான்,
11 ஏப்ரல் 2027

அன்புள்ள மானாங்,

நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்தது. உறையின் ஓரம் நனைந்து திறந்திருந்தது. படகில் அலை அடித்திருக்கும்.

அந்த மூன்று நாளும் எப்போதும் போலத்தான். கோயில், சிலுவைப் பாதை, உப்பில்லாக் கஞ்சி. பெட்டியை நான் தொடவில்லை. வானம் தெளிவாக இருந்தது. வேறு எதுவும் நினைவில்லை.

பெட்டியைத் தீவின் மறுபக்கம், பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாமா? அங்கே காற்று நன்றாக இருக்கும்.

நோனோய்

*

கேசான் நகரம்,
24 ஏப்ரல் 2027

அன்புள்ள நோனோய்,

சுகமா? இங்கே வெயில் கொளுத்துகிறது.

நீ சொல்வது சரியாக இருக்கும். வானம் தெளிவாக இருந்ததால்தான் வந்திருக்கும். சூரியனின் சேட்டையும் காரணமாக இருக்கலாம், அதெல்லாம் உண்டு. ஏப்ரல் 14-ஆம் தேதி மட்டும் ஒரு செய்தி வந்தது. அதற்கும் காரணம் கேட்கப் போவதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு மாற்று. மாற்றிப் பலன் இல்லாவிட்டாலும் வருந்தாதே. வேறு தீவில் சோதித்துக்கொள்ளலாம் என்று பஸ்குவாலிடம் நானே சொல்லிவிடுவேன். எனக்கு வேறு வேலை தருவார்கள். பாபாங்கிடம் இதையெல்லாம் சொல்லாதே. அவர் பாடட்டும். இப்போது எத்தனை மதிப்பெண்? போன கடிதத்தில் நீ எழுதவில்லை.

மானாங்

*

லம்புயான்,
6 மே 2027

அன்புள்ள மானாங்,

நலம். பள்ளிக்கூடத்தில் பெட்டி நான்கு நாள் இருந்தது; வயரைக் கடல்வரை இழுத்து மாட்டி முடிக்கவில்லை. ஐந்தாம் நாள் தலைமையாசிரியையின் ஆடு வயரைத் தின்றுவிட்டது. "உங்க வயர்ல உப்பு இருந்தா ஆடு என்ன பண்ணும்?" என்று அவர் என்னிடமே கேட்டார். வயரை ஒட்டுப்போட்டு, பெட்டியைத் திரும்ப நம் கூரைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

மாங் இஸ்கோவின் கயிறுகளில் பாதி போய்விட்டது. வெளுத்த பாசியை வாரி வாரிக் கரையில் போடுகிறார். நானும் கூட நின்று வாரினேன். இருட்டிய பிறகுதான் நிறுத்தினோம். சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் பத்து நாள் முன்பே இறக்கியிருப்பார்.

மானாங், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

ஒன்றுமில்லை, நேரில் வரும்போது சொல்கிறேன். பாபாங் 97.

நோனோய்

*

லம்புயான்,
17 மே 2027

மகள் லிகாயாவுக்கு,

கடவுள் உன்னை நன்றாக வைத்திருப்பார். என் முழங்கால் தேவலை. நான் கடிதம் எழுதி வெகுநாள் ஆயிற்று, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

உறை நனைந்து திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வதை மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். போகும் கடிதத்தைப் படகில் கொடுப்பதும் நான், வரும் கடிதத்தை வாங்குவதும் நான். என் பிள்ளைகள் இவ்வளவு மோசமாகப் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. "வானம் தெளிவாக இருந்தது" என்று அவன் எழுதுகிறான். "சரியாக இருக்கும்" என்று நீ எழுதுகிறாய். நீ படித்த பொறியாளர்!

பெரிய வியாழன், வெள்ளி, சனியில் இந்தத் தீவில் யாரும் பாடுவதில்லை. சேவல்கூட யோசித்துத்தான் கூவும். அது உன் தம்பிக்குத் தெரியாதா? ஏப்ரல் 14-இல் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பெட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். ஐந்து முப்பத்தெட்டுக்குப் பச்சை எரிந்தது. நான் முட்டாள் இல்லை. மறுநாள் பாடினேன், எரியவில்லை. மைக்கைப் பொத்தானில் அணைத்துவிட்டு வெறும் வாயால் பாடிப் பார்க்கலாம் என்று நினைத்தேன், பச்சை எரிந்துவிடுமோ என்ற பயத்தில் அணைக்காமலே உள்ளே போய்விட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். அதன் பிறகு மூன்று வாரம் நானும் இதை யாரிடமும் சொல்லாமல் பாடிக்கொண்டே இருந்தேன். இந்த மைக்கைப் பிடித்துக் கரையில் நின்று பாடும்போது உன் அம்மா சமையலறையிலிருந்து "ராகம் போகுது, ராகம் போகுது" என்று கத்துவது போலவே இருக்கும். அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பிறகு இஸ்கோ பாசியை வாரிப் போடுவதைப் பார்த்தேன். அவன் என்னோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கியவன்.

மே 9-ஆம் தேதி கோயில் முன்னால் கூட்டம் போட்டு நானே சொன்னேன். "இஸ்கோ, உன் பாசி செத்தது கடலால மட்டும் இல்ல, என் பாட்டாலயும்தான்." எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இஸ்கோ சொன்னான்: "அது எனக்கு முன்னாடியே தெரியும். உன் பாட்டைக் கேட்டா நானே வெளுத்துப் போறேன், பாசி என்ன பண்ணும்?" சோலெங் சிரித்த சிரிப்பில் நாற்காலி உடைந்தது.

முடிவு இது. உன் அட்டவணை கோயில் கதவில் ஒட்டியிருக்கிறது. நேரம் வந்ததும் மணி அடிப்போம். உடனே மைக் அணையும். மைக் மட்டும் அணைந்தால் போதும் என்று உன் தம்பி விளக்கினான். இவர்கள் கேட்கவில்லை. ரேடியோ, ஜெனரேட்டர், பேச்சு, எல்லாம் நிற்கிறது. ஐந்து நிமிடம் பெரிய வெள்ளி. பச்சை எரிந்ததும் மறுபடி மணி. மே 10-இலிருந்து ஒரு நாளும் தவறவில்லை; உனக்கே தெரிந்திருக்கும்.

மைக்கைக் கடலில் போடமாட்டேன். நீ வாங்கிக் கொடுத்தது.

உன் தகப்பன்,
எபிபானியோ

*

கேசான் நகரம்,
29 மே 2027

என் அருமை பாபாங்குக்கும், ஒன்றும் தெரியாத நோனோய்க்கும்,

முத்தங்கள். பல் குழி ஆறிவிட்டதா?

மே 10-இலிருந்து தினமும் செய்தி வருகிறது. காரணம் தெரியாமல் திரையைத் தொடக்கூடப் பயந்துகொண்டிருந்தேன். கடிதம் வந்தபோதுதான் புரிந்தது. ஆய்வகத்தில் படித்தேன், பாதியில் சத்தம்போட்டுச் சிரித்து, மீதியில் அழுதேன். பஸ்குவால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏப்ரல் முதல் வாரமே சந்தேகம் வந்து, அந்த மைக் வாங்கிய சந்தைக் கடைக்குப் போய் அதே போல ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மின்மினி பேசும் அதே அலைவரிசைக்குப் பக்கத்தில்தான் அதுவும் பேசுகிறது. பெட்டியின் காதருகே நின்று ஒருவர் பாடினால் ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் குரல் எப்படிக் கேட்கும்? வாங்கும்போது நான் பார்த்தது நிறத்தை மட்டும்தான். சிவப்பு, உங்களுக்குப் பிடித்த நிறம். என் செயற்கைக்கோளின் வாயை அடைத்தது என் பரிசு. அதைச் சொன்னால் நீங்கள் மறுபடி பூந்தொட்டியை வைத்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

இனிக் கவலை வேண்டாம். இத்துடன் புது மைக் அனுப்புகிறேன். வேறு அலைவரிசை, நானே ஆய்வகத்தில் சோதித்தது. ஐந்தரைக்கும் பாடலாம், ஆறுக்கும் பாடலாம், மின்மினிக்கு ஒன்றும் ஆகாது. இதுவும் சிவப்புதான்.

ஜூன் 8 வரை தொடர்ந்தால் முப்பது நாள் ஆகிவிடும். இன்னொன்று: பெட்டியின் பொத்தான்களில் இருபது எழுத்து வரை அடித்தால் அளவோடு சேர்ந்து அதுவும் எனக்கு வரும். ஏதாவது எழுதுங்கள்.

லிகாயா

*

லம்புயான்,
20 ஜூன் 2027

அன்புள்ள மானாங்,

எல்லோரும் மிக நலம். எழுத நிறைய இருக்கிறது.

முப்பதாவது பச்சை எரிந்த அன்று கோயில் மணியை யார் அடிப்பது என்று சண்டையே வந்தது. அதைவிட முக்கியம் 12-ஆம் தேதி. மாங் இஸ்கோ மகளின் கல்யாணத்தைத் தள்ளிவைத்திருந்தாரே, அது அன்றுதான். பன்றி வறுவல், நடனம், எல்லாம் அமர்க்களம். மணப்பெண் மைக்கைப் பிடித்துப் பாட்டின் நடுவில் இருந்தாள். மணி அடித்தது. அவள் "ஐயோ, என் உச்ச ஸ்தாயி!" என்றாள், பாட்டு நின்றது. ஆடியவர்கள் ஆடிய இடத்திலேயே நின்றார்கள்.

பச்சை எரிந்தது. பின்னாலேயே சிவப்பு எரிந்தது.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. முதலில் எழுந்தது மாப்பிள்ளைதான். "பார்த்துட்டு நிக்கிறீங்களே, கயிறை இறக்க வாங்க!" மறுநாள் விடியும்போது கல்யாணச் சட்டையோடு பாதிப் பேர் கடலில் இருந்தார்கள். இரண்டு நாளில் தீவின் கயிறு முழுவதையும் ஆழத்துக்கு இறக்கிவிட்டோம். 15-ஆம் தேதி நீர் கஞ்சி போலச் சுட்டது. இன்றுவரை ஒரு கொத்துகூட வெளுக்கவில்லை. மாங் இஸ்கோ மிச்சம் இருந்த பாதியைத் தினமும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.

புது மைக் நேற்று வந்தது. பாபாங் அதில்தான் பாடினார். ஐந்து நாற்பதுக்கு மணி அடித்தது. அவர் பாட்டை நிறுத்தினார். ஊரும் நிறுத்தியது. நான் மெதுவாகச் சொன்னேன்: "பாபாங், இந்த மைக் எதையும் கெடுக்காது. நீங்க பாடலாம்."

"தெரியும், நோனோய்."

"அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?"

"உட்காரு. நம்ம வீட்டுப் பொண்ணு செஞ்சது தலைக்கு மேல போகுது. போய்ட்டு வரட்டும்."

உட்கார்ந்தேன். கரை நெடுக எல்லோரும் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்மினி கண்ணுக்குத் தெரியாது என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். "நமக்குத் தெரியலைன்னா என்ன, அதுக்கு நம்மளத் தெரியும்ல?" என்கிறார் ஆலிங் சோலெங்.

உன் தம்பி,
நோனோய்

*

கேசான் நகரம்,
1 ஜூலை 2027

அன்புள்ள பாபாங்குக்கும் நோனோய்க்கும்,

நலமாக இருக்கிறேன், நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன். குழு ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் பன்னிரண்டு தீவுகளுக்குப் பெட்டி போகிறது. நிறுவும் முறையைப் பற்றிய கையேட்டை என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் முதல் கேள்வியைப் பஸ்குவாலே தன் கையால் எழுதிக் கொடுத்தார்: "இந்த ஊரில் யார் பாடுகிறார்கள்? எத்தனை மணிக்கு? எதில்?"

கூட்டம் நேற்று மாலை ஆறு வரை நீண்டது. நான் கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தபோது என் பின்னால் இருந்த பெரிய திரையில் அன்றைய செய்தி வந்து விழுந்தது. லம்புயான், 29.4 பாகை. அதற்குக் கீழே நீங்கள் அடித்த வரி. அறையில் இருந்த பதினோரு பேரும் அதைப் படித்தார்கள். ஒருவர் "இது என்ன அளவு?" என்று கேட்டார். நான் திரும்பி அந்த வரியையே படித்துக்கொண்டிருந்தேன். பஸ்குவால்தான் பதில் சொன்னார்: "அது மதிப்பெண். விளக்கினால் நேரமாகும்."

அந்த வரியை அச்சடித்து என் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன், பாபாங்.

"மின்மினி 100. நான் 97."

பதினைந்தாம் தேதிப் படகில் வருகிறேன். மணி அடிக்கும்போது எனக்கும் கரையில் ஓர் இடம் வைத்திருங்கள்.

உங்கள் மகள்,
லிகாயா